மொட்டைத்தலையா வசனத்தை எப்ப போடுவீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற ஆன்மிகப் பக்கத்த விடாம படிக்கிறவன் நான். குறை சொல்லணும்னு இத எழுதல, ஆனா கிறிஸ்தவப் பகுதிக்குன்னு ஒதுக்குற இடத்துல வர்றத எண்ணிப் பாத்தா சுத்திச் சுத்தி ஒரு பத்துப் பதினஞ்சு பகுதிதான் வருது. கர்த்தர் என் மேய்ப்பர், நல்ல சமாரியன், கெட்ட குமாரன், மலைப்பிரசங்கம், அன்பு நீடிய சாந்தமும் தயவும் உள்ளது, மறுபடி கர்த்தர் என் மேய்ப்பர். எல்லாம் நல்ல பகுதிதான், யாரு இல்லேன்னா. ஆனா பைபிள்ங்கறது 66 புத்தகம், கத்தோலிக்க பைபிள்னா 73, அதுக்குள்ள படிக்கிறவன் தலைய சொறிஞ்சிட்டு உக்கார வைக்கிற இடம் எத்தனையோ இருக்கு, அதுல ஒண்ணு கூட உங்க பக்கத்துல இதுவரைக்கும் என் கண்ணுல படல.

இப்ப இத எழுத வச்சது என் தங்கச்சி பையன். ஏழாவது படிக்கிறான். போன வாரம் பைபிள கையில தூக்கிட்டு வந்து "மாமா, மொட்டைன்னு கிண்டல் பண்ணதுக்கு கரடிய விட்டு கடிக்க வச்சாங்களாமே, நெஜமாவா?"ன்னு கேட்டான். அவன் வயசுல நானும் இதே கேள்விய எங்க ஞாயிறு பள்ளி டீச்சர் கிட்ட கேட்டேன், பெரியவனானா புரியும்னு சொன்னாங்க. பெரியவனாயி இப்ப என் தலையே எலிசா தலை மாதிரி ஆயிடுச்சு, இன்னும் முழுசா புரியல.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், 2 இராஜாக்கள் 2ம் அதிகாரத்தோட கடைசி. எலிசா தீர்க்கதரிசி பெத்தேலுக்கு நடந்து போறாரு, ஊர்லேர்ந்து பிள்ளைங்க வந்து "மொட்டைத்தலையா ஏறிப்போ"ன்னு கத்துறாங்க, அவர் திரும்பிப் பாத்து கர்த்தருடைய நாமத்துல சபிக்கிறாரு, காட்டுலேர்ந்து ரெண்டு கரடி வந்து 42 பேரப் பீறிப் போடுது. அவ்வளவுதான். அடுத்த வசனத்துல அவர் பாட்டுக்கு கர்மேல் மலைக்குப் போயிடறாரு. அழுத தாய் உண்டா, அடக்கம் பண்ணாங்களா, அவருக்கு மனசு கஷ்டமா இருந்துச்சா, ஒரு வார்த்த கிடையாது.

இதுக்கு பிரசங்கத்துல வழக்கமா சொல்ற சமாதானம், அவங்க சின்னப் பசங்க இல்ல, வாலிபக் கும்பல், ரவுடிங்கன்னு. எபிரேயத்துல அங்க வர்ற "நஆர்"ங்கற சொல் கூடையில கிடந்த கைக்குழந்தை மோசேக்கும் வருது, கலகம் பண்ண வளர்ந்த அப்சலோமுக்கும் வருது, அதனால அந்த வாதத்துல விஷயம் இருக்கு. சாலொமோன் கூட ராஜாவான பிறகு தன்னை "சின்ன நஆர்"னுதான் தாழ்த்திச் சொல்லிக்கிறாரு. ஆனா அதுக்கு அடுத்த வசனத்துல கரடி கிழிச்சவங்கள சொல்றப்ப "யெலாதிம்"னு வேற சொல் வருது, அது நேராவே பிள்ளைங்கதான். அதனால ரவுடிக் கும்பல்னு சொல்லி கைய தட்டிட்டு எழுந்து போக எனக்கு மனசு வரல.

ஆனா மெதுவா படிச்சா வேற ஒண்ணு கண்ணுல படும். அதே அதிகாரத்துல கொஞ்சம் மேல, எலிசாவோட குரு எலியா சுழல்காத்துல பரலோகத்துக்கு "ஏறிப்போனான்". கீழ பிள்ளைங்க "ஏறிப்போ"ங்கறாங்க. எபிரேயத்துலயும் ஒரே வினைச்சொல்தான், நம்ம பழைய மொழிபெயர்ப்பும் அத அப்படியே காப்பாத்தி வச்சிருக்கு. எலியாவ இதுக்கு முந்தின அதிகாரத்துல மயிரோட சேர்த்துத்தான் அடையாளம் சொல்றாங்க, இவர் மொட்டை. அப்ப அந்தக் கிண்டல் வெறும் தலையப் பாத்து வந்தது இல்ல, உன் குரு போனாருல்ல நீயும் போயேன், நீ என்ன அவரா, அப்படிங்கற குத்தல். அதுக்கும் முன்னாடி எரிகோவுல கெட்டுப்போன தண்ணில உப்பு போட்டு இதே எலிசா ஊருக்கே நல்லது பண்றாரு. ஒரே பக்கத்துல ஒரு ஆசீர்வாதம் ஒரு சாபம், புதுசா பொறுப்புக்கு வந்தவர் வாயில எலியாவோட வல்லமை இருக்கான்னு ரெண்டு விதமா காட்டுற மாதிரி. இதையெல்லாம் பையன் கிட்ட சொன்னேன், கேட்டுட்டு "சரி மாமா, ஆனா 42 பேரு பாவம்ல"ன்னான். பாவம்தான்டா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, இல்லைன்னே சொன்னேன்.

ஐயா, நான் சொல்ல வர்றது இதுதான். இந்த மாதிரி இடம் வந்தா ஒண்ணு தாண்டிப் போயிடறோம், இல்லேன்னா இஸ்திரி போட்டு சுருக்கத்த எடுத்துடறோம். சுருக்கத்துலதான் விஷயமே இருக்குங்கறது என் கட்சி.

இந்த இஸ்திரி வேல இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சது இல்ல. யாத்திராகமம் 4ம் அதிகாரம் 24லேர்ந்து 26 வரைக்கும் மூணே வசனம், பைபிள்லயே எனக்கு ரொம்ப விசித்திரமா படற இடம் இதுதான். முள்செடில தீ எரியுது, தேவன் மோசேய கூப்பிடறாரு, மோசே எனக்குப் பேச வராது வேற யாரையாவது அனுப்புங்கன்னு சாக்கு மேல சாக்கு சொல்றாரு, அவ்வளவு கெஞ்சி அதட்டி ஒத்துக்க வச்சு எகிப்துக்கு அனுப்பியாச்சு. வழியில ராத்திரி தங்குற இடத்துல, அனுப்பின அதே கர்த்தர் அவன் எதிர்ல வந்து "அவனைக் கொல்லப்பார்த்தார்". ஏன்? சொல்லல. உடனே மனைவி சிப்போராள் கூர்மையான கல்லை எடுத்து மகனோட நுனித்தோலை அறுத்து கால்கிட்ட போட்டு, நீர் எனக்கு இரத்தசம்பந்தமான புருஷன்ங்கறா. விட்டுடறாரு. கதை எகிப்து பாதையில மேல போயிடுது.

இதுல இன்னொரு வேடிக்கை, எபிரேய மூலத்துல இந்த மூணு வசனத்துல மோசேங்கற பேரே கிடையாது, "அவனை"ன்னுதான் இருக்கு. அப்ப கொல்லப் பாத்தது மோசேயையா, மகனையா? கால்னா யாரு கால்? எபிரேயத்துல கால்ங்கறத மறைவான உறுப்புக்கு நாகரிகமா சொல்றதும் உண்டு, அதுவும் சேந்து குழப்புது. யூத ரபிகளும் இதோட மல்லுக்கட்டியிருக்காங்க, மகனுக்கு விருத்தசேதனம், அதாவது அந்த நுனித்தோலை அறுக்கற சடங்கு, பண்ணாம மோசே தாமதிச்சாரு அதுக்குத்தான் இந்த அடின்னு, ரபிகளோட விளக்கங்களத் தொகுத்து வச்ச தல்மூத்துல ஒரு விளக்கம் இருக்கு. ஆனா கிறிஸ்துவுக்கு முன்னாடியே எபிரேயத்துலேர்ந்து கிரேக்கத்துக்குக் கொண்டு போனவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, "கர்த்தர்"ங்கற இடத்துல "கர்த்தருடைய தூதன்"னு மாத்தி வச்சுட்டாங்க. கர்த்தரே கொல்ல வந்தாருன்னு எழுத அவங்களுக்கும் கை கூசியிருக்கு! ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கு மைக் பிடிச்சுப் பேசுறவரும் அதையேதான் செய்யறாரு.

கூச்சப்படாம அங்கேயே நின்னா வேற கதவு திறக்குது. இதுக்கு முந்தின வசனத்த பாருங்க, இஸ்ரவேல் என் சேஷ்டபுத்திரன், அதாவது மூத்த மகன், நீ விடலேன்னா உன் சேஷ்டபுத்திரனைக் கொல்லுவேன்னு பார்வோனுக்கு சேதி. அடுத்து ஒரு மகனோட ரத்தம் சாவைத் தடுக்குது. எட்டு அதிகாரம் தள்ளி எகிப்தோட மூத்த பிள்ளைங்க சாகற ராத்திரில, இஸ்ரவேலர் நிலைக்கால்ல பூசின ரத்தம் வீட்டுக்குள்ள சாவு வராம தடுக்குது. பெரிய கதைக்கு முன்னாடி அதே கதை ஒரு ராத்திரில சின்னதா நடந்து முடிஞ்ச மாதிரி இல்லையா? அப்புறம் இதையும் கவனிங்க, மோசே உயிருக்கு ஆபத்து வர்ற இந்த இடங்கள்ல காப்பாத்தறது யாரு? ஆண் பிள்ளைங்கள கொல்ல மாட்டோம்னு நின்ன மருத்துவச்சிங்க சிப்பிராளும் பூவாளும், ஒளிச்சு வச்ச தாய், தூரத்துல நின்னு பாத்த அக்கா, தண்ணிலேர்ந்து எடுத்த பார்வோன் மகள், இங்க கல்லோட நிக்கிற மீதியான் நாட்டுப் பொண்ணு. அத்தனை பேரும் பொம்பளைங்க. நான் அம்பது தடவையாவது யாத்திராகமம் படிச்சிருப்பேன், இந்த மூணு வசனத்துல இடறி விழுந்த அப்புறம்தான் இது எனக்கு உறைச்சது.

பழைய கையெழுத்துப் பிரதிகள ஒப்பிடறவங்க கிட்ட ஒரு விதி உண்டு, ரெண்டு பிரதி ரெண்டு விதமா சொன்னா கஷ்டமா இருக்கறதுதான் பெரும்பாலும் மூலமா இருக்கும்னு. 18ம் நூற்றாண்டுல பெங்கேல்னு ஒரு ஜெர்மன் அறிஞர் இத ஒரே வரில எழுதி வச்சாரு. காரணம் சாதாரண புத்திதான், நகல் எடுக்கறவன் புரியாதத புரியற மாதிரி ஆக்குவானே தவிர, புரியறத கெடுத்து வைக்க மாட்டான். இத நீங்களே வீட்டுல செஞ்சு பாக்கலாம். நம்ம பழைய தமிழ் பைபிள்ல மாற்கு 13:32 எடுங்க, அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியாருன்னு இருக்கும். அதே பேச்சு மத்தேயு 24:36ல வருது, அங்க குமாரனைக் காணோம். ரொம்பப் பழைய சில பிரதிகள்ல மத்தேயுலயும் குமாரன் உண்டு, பின்னாடி வந்த பெரும்பான்மை பிரதிகள்ல இல்ல. குமாரனுக்கே தெரியாதுன்னா எப்படிங்கற சங்கடம்தான், வேற என்ன. மாற்கு 1:41ல குஷ்டரோகி வந்து கேக்கறப்ப இயேசு மனதுருகினாருன்னு படிக்கிறோம், ஆனா பேஸா சுவடின்னு ஒரு பழைய பிரதில "கோபங்கொண்டு"ன்னு இருக்கு. அந்த ஆள் மேல எதுக்குக் கோபம்? நோய் மேலயா, அவன ஒதுக்கி வச்சவங்க மேலயா? எது மூலம்னு அறிஞர்கள் இன்னும் சண்ட போட்டுட்டு இருக்காங்க. இதே சம்பவத்த எழுதற மத்தேயுவும் லூக்காவும் அந்த உணர்ச்சியவே விட்டுட்டாங்க, மனதுருக்கமும் இல்ல கோபமும் இல்ல.

நான் கேட்ட பிரசங்கங்கள்ல எனக்கு ரொம்ப எரிச்சல் வரவச்சது ஊசிக்காது. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்துக்குள்ள போறதவிட ஒட்டகம் ஊசியின் காதுல நுழையறது எளிது, இது இயேசு சொன்னது. உடனே ஒருத்தர் எழுந்து, எருசலேம் மதில்ல ஊசிக்காதுன்னு ஒரு சின்ன வாசல் இருந்துச்சு, ஒட்டகம் சுமைய இறக்கி வச்சு முட்டிபோட்டு நுழையும், அது மாதிரி நாமளும் தாழ்மையா இருக்கணும்பாரு. கேக்க அழகாத்தான் இருக்கு. இயேசு காலத்துல அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரமே கிடையாது, அது எத்தனையோ நூற்றாண்டு கழிச்சு கிளம்பின கதை. இன்னும் சிலபேர் ஒட்டகம் இல்ல கயிறும்பாங்க, கிரேக்கத்துல ஒரே ஒரு எழுத்து மாத்துனா ஒட்டகம் கயிறாயிடும், பிந்தின சில பிரதிகள்ல அப்படியும் இருக்கு. சரி, கயிறு மட்டும் ஊசில நுழையுமா? நல்லா கவனிங்க, இதக் கேட்டதும் சீஷர்கள் ஆச்சரியப்பட்டு அப்ப யாருதான் ரட்சிக்கப்பட முடியும்னு கேக்கறாங்க. முட்டிபோட்டா நுழையலாம்னா இவங்க எதுக்கு அதிர்ச்சியாகணும்? மனுஷரால கூடாதுன்னு இயேசுவே அடுத்து சொல்றாரு. முடியாதுங்கறதுதான் பேச்சே, அத முடியும்னு ஆக்கிட்டா பணக்காரருக்கு நிம்மதி, வசனத்துக்கு சாவு. யூதப் பேச்சுல யானை ஊசிக்காதுல நுழையறதுன்னு நடக்காத காரியத்துக்கு ஒரு உவமை தல்மூத்துலயும் வருது, அந்த யானைக்கு யாரும் வாசல் கட்டல.

அதுக்காக எல்லா விசித்திரமும் ஆழமானதுன்னு சொல்ல வரல. சிலது வெறும் மொழிபெயர்ப்புக் கோளாறு. மோசே மலைலேர்ந்து இறங்கறப்ப முகம் பிரகாசிச்சதுங்கற இடத்துல வர்ற எபிரேயச் சொல் கொம்புங்கற சொல்லோட வேர்லேர்ந்து வர்றது, பைபிள லத்தீனுக்குக் கொண்டு போன ஜெரோம் கொம்புன்னே போட்டுட்டாரு, மைக்கேலாஞ்சலோ செதுக்குன மோசே இன்னைக்கும் ரோம்ல ரெண்டு கொம்போட உக்காந்திருக்காரு. சிலது பிரதி வித்தியாசம். கோலியாத் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும்னு படிக்கிறோம், கிட்டத்தட்ட 3 மீட்டர், ஆனா சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில கிடைச்ச சாமுவேல் சுருள்லயும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்புலயும் நாலு முழமும் ஒரு ஜாணும்தான், 2 மீட்டர் சொச்சம். பலசாலிதான், ஆனா நம்ம மனசுல இருக்கற பனைமரம் இல்ல. இந்த வகையெல்லாம் ஒரு தகவல் தெரிஞ்சா தீர்ந்துடும், கரடி மாதிரி ராத்திரி தூக்கத்துல வந்து நிக்காது.

இதையெல்லாம் பேப்பர்ல போட்டா விசுவாசம் கெட்டுப்போயிடும், கேலி பண்றவங்களுக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்னு எங்க வீட்டுலயே சொல்றாங்க. கேலி பண்றவங்க கரடி வசனத்த ஏற்கனவே கண்டுபிடிச்சாச்சு, அவங்களும் ரெண்டு வரி படிச்சுட்டு சிரிச்சுட்டு போயிடறவங்கதான், அந்த அவசரத்துல அவங்களுக்கும் நம்ம பிரசங்கியாருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. பைபிளே தன்னப் பத்தி மறைக்கல. 2 பேதுரு 3:16ல பவுலோட நிருபங்கள்ல சில காரியங்கள் அறியறதுக்கு அரிதா இருக்குன்னு பேதுரு பேர்லயே எழுதியிருக்கு. 3ம் நூற்றாண்டுல ஓரிகன்னு ஒரு கிறிஸ்தவ அறிஞர், வேதத்துல இடறல் கல் வேணும்னே போட்டு வச்சிருக்கு, வழவழன்னு இருந்தா மேலாக படிச்சுட்டுப் போயிடுவோம்னு சொன்னவரு, சூரியன் இல்லாம முதல் மூணு நாள் எப்படி சாயங்காலமும் விடியற்காலமும் ஆச்சுன்னு கேள்வியும் கேட்டவரு. ஓரிகன் சொன்ன எல்லாத்தையும் சபை ஏத்துக்கல, அது வேற கதை, ஆனா இந்தக் கேள்வி கேட்டதால வானம் இடிஞ்சு விழல.

எனக்குப் பிடிச்ச இன்னொண்ண சொல்லிட்டு முடிச்சுக்கறேன், கடிதம் ஏற்கனவே நீண்டுடுச்சு. மாற்கு 14ல கெத்செமனே தோட்டத்துல இயேசுவ பிடிக்கறாங்க, சீஷர் எல்லாரும் ஓடிட்டாங்க, சோகமான கட்டம். அங்க திடீர்னு ரெண்டு வசனம், ஒரு வாலிபன் ஒரு துப்பட்டிய மாத்திரம் போர்த்திட்டு பின்னாடி போறான், அவனைப் பிடிக்கறாங்க, துப்பட்டிய விட்டுட்டு நிர்வாணமா ஓடிடறான். பேர் இல்ல, முன்னாடி வந்ததில்ல, இப்படிப் பின்னாடியும் வர்றதில்ல. மத்தேயு, லூக்கா, யோவான் யாரும் தொடல. மாற்கு தன்னையே எழுதிக்கிட்டாருன்னு ஒரு யூகம் ரொம்ப நாளா இருக்கு, நிரூபிக்க வழியில்ல. ஆமோஸ் 2:16ல அந்நாளில் தைரியசாலியும் நிர்வாணியாய் ஓடிப்போவான்னு வர்றத நினைச்சு எழுதினதுன்னும் சொல்றாங்க. ஆனா அடுத்த அதிகாரத்துல இயேசுவோட சரீரத்த சுத்தறதும் துப்பட்டிதான், கிரேக்கத்துலயும் ரெண்டு இடத்துலயும் ஒரே சொல். அதுக்கு அடுத்த அதிகாரத்துல காலியான கல்லறைக்குள்ள வெள்ளை அங்கி போட்டு ஒரு "வாலிபன்" உக்காந்திருக்கான், அதுவும் தோட்டத்துல ஓடினவனுக்குச் சொன்ன அதே சொல். துணி இல்லாம ஓடினவன், துணியில சுத்தினவர், துணி உடுத்தி உக்காந்திருக்கறவன். மாற்கு இத வேணும்னே கோத்தாரா, இல்ல நான்தான் பூமாலை கட்டறேனான்னு எனக்கே சந்தேகம் உண்டு. சில நாள் ஆமான்னு தோணும் சில நாள் இல்லைன்னு தோணும்.

அதனால ஐயா, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையாவது இப்படி ஒரு பகுதிய எடுத்துப் போடுங்க. விளக்கம் சொல்ற போதகரோ சாமியாரோ யாரா இருந்தாலும், மூணு பேர் மூணு விதமா சொல்றாங்கன்னா மூணையும் போடச் சொல்லுங்க, தெரியலேன்னா தெரியலன்னு போடச் சொல்லுங்க. யெப்தா நேர்ந்துக்கிட்டபடி தன் மகள உண்மையிலயே பலி குடுத்தானா, எந்தோர்ல செத்தவங்கள எழுப்பறவ கூப்பிட்டப்ப எழும்பி வந்தது சாமுவேல்தானா, பவுல் 1 கொரிந்தியர் 11ல பொம்பளைங்க முக்காட்டுக்குக் காரணம் சொல்றப்ப "தூதர்களினிமித்தம்"னு ஒரு வார்த்தைய எறிஞ்சுட்டுப் போறாரே அது என்ன, மத்தேயு 27ல கல்லறைலேர்ந்து எழுந்து நகரத்துக்குள்ள போன பரிசுத்தவான்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு, ஒரு ரெண்டு வருஷத்துக்குத் தாங்கும். முதல் வாரம் கரடியே போடுங்க, தங்கச்சி பையன் பேப்பர எதிர்பாத்துட்டு இருக்கான், நான் எழுதறேன்னு அவன் கிட்ட வாக்கு குடுத்துட்டேன்.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழமை வாசகன்

பி.கு: கடிதத்த படிச்சுப் பாத்துட்டு பையன் இன்னொரு கேள்வி கேட்டான், அந்தத் துப்பட்டிய அப்புறம் யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு. அதையும் சேத்துப் போட்டுடுங்க.